புதுப்பிப்பு: வெளிச்சப் பட்டை நகர்கிறது, திரை மாறவில்லை, காரணம் கிடைத்துவிட்டது

பழைய வண்ணாரப்பேட்டையில் அண்ணனின் ஜெராக்ஸ் கடை மானிட்டரைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். லினக்ஸைப் புதுப்பித்த பிறகு திரையில் மானிட்டரின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இழுவைப் பட்டை ஒன்று புதிதாக முளைத்தது. 100-இலிருந்து 20-க்கு இழுத்தாலும் வெளிச்சம் அப்படியே நின்றது. கேபிளை மாற்றச் சொன்னீர்கள். பர்மா பஜாரில் புது விஜிஏ கேபிள் வாங்கி மாட்டினேன். பலனில்லை.

கேபிள் மேல் பழியில்லை. வெளிச்சத்தை மாற்றச் சொல்லும் கட்டளை டிடிசி/சிஐ என்ற முறையில் போகிறது; திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 1998-இல் வெளியிட்டது. விஜிஏவில் 12, 15 ஆகிய ஊசிகள்தான் வழி. மானிட்டர் தன் மாடலையும் தெளிவுத்திறனையும் சொல்வதும் அதே கம்பிகளில்தான். எங்கள் மானிட்டர் அதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறது, கட்டளைக்கு மட்டும் வாய் திறப்பதில்லை. இந்தக் கட்டளைகளை லினக்ஸிலிருந்து அனுப்பிப் பார்க்கும் டிடிசியூடில் நிரலை ஓட்டியதும் இது தெளிவானது.

மானிட்டர் தன் பெயரைச் சொன்னாலே கட்டளைக்கும் பணியும் என்று எண்ணி லினக்ஸ் பட்டையைக் காட்டுவது பயனரை ஏமாற்றுவதாகும். முதலில் கேட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் மறைக்க வேண்டும். இப்படியே வழு அறிக்கை அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மானிட்டர் மெனுவில் டிடிசி/சிஐ அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் மானிட்டரில் அந்த வரியே இல்லை. அண்ணன் மானிட்டரின் எழுத்தழிந்த பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி வெளிச்சத்தை 40-இல் வைத்துவிட்டார்.