கருப்பு நாயை வீட்டுக்குள் வைத்து படம் எடுப்பது எப்படி?

தெற்குவாடி:
பாம்பனில் கடலைப் பார்த்த வீடு. கரிச்சான் என்று ஒரு நாய். நெஞ்சில் ஒரு ரூபாய் அளவு வெள்ளை, மற்றதெல்லாம் கருப்பு. துபாயில் இருக்கும் தங்கச்சி தினமும் படம் கேட்கிறாள். நான் எடுத்தால் வாசல் மட்டும் பளிச்சென்று விழுகிறது, நாய் இருக்கும் இடம் வெறும் இருட்டு. ஃபிளாஷ் போட்டால் பச்சையாக இரண்டு கண். நைட் மோடில் ஆறு கால்! வெளியே கொண்டு போகலாமே என்பீர்கள். வயது 13, கட்டிலடியை விட்டுக் கிளம்பவே மாட்டான். போன் மட்டும்தான் இருக்கிறது.

தொண்டிக்காரன்:
முதலில் லென்ஸைத் துடையுங்கள் அண்ணே. நம் ஊர்க் காற்றில் உப்பு படிந்து கருப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும்.

கீழக்கரை ஆல்பம்:
கல்யாணப் படம் எடுப்பவன் நான். கருப்புக் கோட்டு மாப்பிள்ளையும் கருப்பு நாயும் எனக்கு ஒரே தலைவலிதான்.

வாசல் கதவைச் சாத்துங்கள். அந்த வெளிச்சத்துக்குத்தான் போன் அளவு வைக்கிறது, நாய் இருட்டிப் போகிறது. வெயில் நேரே விழாத ஜன்னல் பக்கம், மூன்றடி தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி படுக்க வையுங்கள். கருப்பு உடம்புக்கு உருவம் கொடுப்பது ரோமத்தின் மினுமினுப்புதான். பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டாம், ஓலைப் பாய் இருந்தால் சாத்தி வையுங்கள். முன்னால் தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் தாடைக்கு அடியில் வெளிச்சம் ஏறும்.

அப்புறம் திரையில் கண்ணைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை நகர்த்துங்கள். சுற்றிலும் வெளிச்சமாக இருந்தால் மேலே. படம் முழுக்க நாயே என்றால் கீழே. இல்லாவிட்டால் போன் அவனைச் சாம்பல் நாயாக்கிவிடும். நைட் மோடு பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது. அசைந்தால் கால் கூடத்தான் செய்யும்.

மண்டபம் அக்கா:
எங்கள் வீட்டில் கருப்புப் பூனை. ஃபிளாஷே வேண்டாம் தம்பி, அதுகள் கண்ணுக்குள் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். போனுக்கு மேலே கருவாட்டுத் தலை ஒன்றைப் பிடியுங்கள். காது நிமிரும், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் புள்ளியாக விழும்.

தெற்குவாடி:
எல்லாம் செய்தேன். அப்பா வேட்டியை விரித்ததும் அதன் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டான், சரி என்று விட்டுவிட்டேன். கருவாட்டுக்கு ஒரு கணம் தலையைத் தூக்கினான். மீசை ஒவ்வொன்றாகத் தெரிகிறது. தங்கச்சிக்கு அனுப்பினேன். “மூஞ்சியெல்லாம் எப்பண்ணே நரைச்சுச்சு?” என்று கேட்டிருக்கிறாள்.