மறுமொழி: குருதிக் கரோட்டினாய்டு: ‘இதயக்காப்பு நிறமி’ எனலாமா?

> இது கூடினால் இதயச் சாவு குறைகிறதே. ‘இதயக்காப்பு நிறமி அளவு’ என்றால் யாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. நம் மொழிபெயர்ப்பில் கரோட்டினாய்டுகளுக்கு (காய்கனிகளுக்கு மஞ்சள், சிவப்பு நிறம் தரும் நிறமிகளுக்கு) நீங்கள் சொல்லும் பெயர் புரியும், ஆனால் தப்பாகப் புரியும். குருதியில் இவை குறைந்தவர்களிடையே இதய, குருதிக்குழல் நோய்ச் சாவு கூடுதல் என்று பல தொடராய்வுகள் காட்டியது உண்மை. மாத்திரையாகக் கொடுத்தபோது கதையே மாறிவிட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரில் பாதிப்பேருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994இல் வெளியான முடிவில் அவர்களிடம் நுரையீரல் புற்று 18%, மொத்தச் சாவு 8% கூடியிருந்தது. இதற்கா ‘காப்பு’? குருதியில் இவற்றின் செறிவு காய்கனி உண்பதைக் காட்டும் சுட்டி, அவ்வளவுதான். அதே உணவு உண்டாலும் புகைப்பவர்க்கும் உடல் பருத்தவர்க்கும் குறைவாகவே காட்டும். வெறும் ‘நிறமி’யும் ஆகாது; பித்த நிறமியான பிலிருபினும் குருதியில் உள்ள நிறமிதான்.

> ‘கரோட்டின்போலி’?

பீட்டா கரோட்டினே இந்த இனத்தில் ஒன்று. அது தனக்குத்தானே போலியா? லைக்கோப்பீன், லூட்டின் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் ‘கரோட்டினாய்டு’ இருந்துவிட்டுப் போகட்டும்.

உண்பது ‘அளவு’, குருதியில் இருப்பது ‘செறிவு’ என்று பிரித்துவிடலாம். அலகையும் கூடவே எழுதுங்கள்: பீட்டா கரோட்டினுக்கு லிட்டருக்கு 1 மைக்ரோமோல் என்பது டெசிலிட்டருக்குச் சுமார் 54 மைக்ரோகிராம். அட்டவணையில் இரண்டும் கலந்தால் ஐம்பது மடங்கு பிசகும்.

> கொலஸ்டிராலுக்குச் சரிசெய்த மதிப்பு: ‘கொழுப்பு நீக்கிய செறிவு’.

இதுதான் ஆபத்தானது. இவை நீரில் கரையாமல் லிப்போபுரதங்களில் (குருதியில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களில்) ஏறிப் பயணிப்பவை; கொலஸ்டிரால் கூடியவரிடம் செறிவும் கூடித் தெரியும், கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்து எடுத்தால் இறங்கும். அதை ஈடுகட்டவே கொழுப்பால் வகுக்கிறார்கள். ஆய்வகத்தில் நடப்பதோ வேறு: எத்தனால் ஊற்றிப் புரதத்தைப் படியவைத்து, ஹெக்சேன் என்ற கரைப்பானால் கொழுப்பைப் பிரித்தெடுப்பார்கள். நிறமி அந்த ஹெக்சேன் அடுக்கில்தான் வரும். ‘கொழுப்பு நீக்கிய’ என்று படித்தவர் அந்த அடுக்கைக் கொட்டிவிட்டால் அளக்க எதுவும் மிஞ்சாது. ‘கொழுப்பீட்டுச் செறிவு’ என் பரிந்துரை.

---

> ‘கொழுப்பீட்டுச் செறிவு’

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. சிலர் கொலஸ்டிரால், டிரைகிளிசரைடு (இன்னொரு வகைக் குருதிக் கொழுப்பு) இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கிறார்கள்; சிலர் கொலஸ்டிராலால் மட்டும். பின்னதைக் ‘கொலஸ்டிரால் ஈட்டுச் செறிவு’ என்றே எழுதுவோம். ‘குருதிநீர்’ என்று சீரத்துக்கும் பிளாஸ்மாவுக்கும் ஒரே சொல் போடுவதும் வேண்டாம்: உறையவிட்டுப் பிரித்தது சீரம், உறைவெதிர்ப்பி சேர்த்துப் பிரித்தது பிளாஸ்மா. எதுவானாலும் குழாயை வெளிச்சம் படாமல் மூடிவைக்கச் சொல்லும் வரி மூலத்தில் இருக்கிறது, மொழிபெயர்ப்பில் விடுபட்டிருக்கிறது.