மருந்து அடித்த தோட்டத்தில் களை பிடுங்கும் பெண்களுக்காக ஒரு உதவி

வணக்கம் உறவுகளே. விசுவமடுப் பக்கம் கூலிக்குப் போகும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

மிளகாய்த் தோட்டத்துக்குக் காலையில் மருந்து அடித்தால், பின்னேரமே வெறுங்கையோடு களை பிடுங்க இறக்கி விடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் மருந்து அடித்தவரின் சேட்டும் பிள்ளையின் உடுப்பும் ஒரே வாளிக்குள் ஊறுகின்றன. பல மருந்துகள் தோலாலேயே உடம்புக்குள் போகும். கரு தரித்த 3ஆம் வாரத்திலிருந்து 8ஆம் வாரத்துக்குள்தான் குழந்தையின் உறுப்புகள் உருவாகின்றன. அப்போது பலருக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாது. கிளினிக்கில் பதிந்த பிறகு கவனமாக இருந்தால் போதும் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆண்களும் இதைக் கேட்க வேண்டும். 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற புழுக்கொல்லி தயாரித்த தொழிலாளர்கள் பலருக்கு விந்தணு குறைந்தோ இல்லாமலோ போயிருந்தது தெரியவந்தது.

சரி, கேட்க வந்தது இதுதான். இங்கே விவசாயப் போதனாசிரியர்கள் யாராவது இருந்தால், நம் கடைகளில் விற்கும் ஒவ்வொரு மருந்துக்கும் அடித்து எத்தனை நாள் கழித்துத் தோட்டத்தில் இறங்கலாம் என்பதை எளிய தமிழில் எழுதித் தாருங்கள். போத்தல் லேபிளில் இருக்கும் எழுத்து அக்காமாரின் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இல்லை. குடும்பநல மாதுமார், பதிவுக்கு வரும் பெண்ணிடம் "என்ன வேலை செய்கிறீர்கள், மருந்து படுகிறதா?" என்று எப்படிக் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம், முழங்கை வரை வரும் தடித்த நைட்ரில் கையுறை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மொத்தமாக எங்கே எடுக்கலாம்? ஆஸ்பத்திரிக் கையுறை களை பிடுங்கக் கிழிந்துவிடும். பெரும்போகம் தொடங்கமுன் வாங்கிக் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.