குழந்தை சொன்னதை வீட்டில் யாரும் ஏற்கவில்லை. நான் என்ன செய்வது?

கேள்வி: பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

எங்களுடையது கூட்டுக் குடும்பம். மாமனார் கட்டிய வீட்டில் கீழ்த்தளத்தில் மாமியாரும் என் கணவரின் அண்ணன் குடும்பமும் இருக்கிறார்கள், மாடியில் நாங்கள் இருக்கிறோம். என் மகளுக்கு ஒன்பது வயது. பெரியப்பா தன்னிடம் தவறாக நடந்துகொள்கிறார் என்று சென்ற மாதம் ஓர் இரவு என்னிடம் சொன்னாள். அவள் சொன்னவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை அந்த வயதுக் குழந்தை தானாகக் கற்பித்துச் சொல்லக்கூடியவை அல்ல. சித்திரை வெயிலிலும் கவுனுக்குள் லெக்கிங்ஸ் இல்லாமல் கீழே இறங்கமாட்டேன் என்று அவள் பிடித்த பிடிவாதமும், பாட்டி காபி டம்ளரை நீட்டி "பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டு வா" என்றால் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டதும் எதனால் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

கணவரிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பா போனபின் என்னைப் படிக்கவைத்தவர் அவர், அப்படிப்பட்டவர் இல்லை" என்றார். தொலைக்காட்சியிலும் போனிலும் கண்டதைப் பார்த்துவிட்டுக் குழந்தை உளறுகிறது என்பது மாமியாரின் முடிவு. வீட்டைப் பாகம் பிரிக்கச் சொல்லி நான் கேட்டுவந்ததால், நானே சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தேன் என்கிறார் என் ஓர்ப்படி.

சென்ற வாரம் நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில் மாமியார் அவளை அழைத்துப் பேசியிருக்கிறார். அன்று மாலை, என் முகத்தைப் பார்க்காமலேயே, "நான் சும்மா சொன்னேன் அம்மா, பெரியப்பா ஒன்றும் செய்யவில்லை" என்றாள். வீட்டில் எல்லோருக்கும் பெருமூச்சு வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை உறவுப் பெரியவர்கள் நான்கு பேரை வைத்து, பூஜையறையில் சூடம் ஏற்றி, அதை அடித்துக் குழந்தையைச் சத்தியம் செய்யச் சொல்லி, அத்துடன் இந்தப் பேச்சை முடித்துவிடலாம் என்கிறார்கள். நான் மறுத்தால், பொய் என்பதால்தான் பயப்படுகிறாய் என்பார்கள். ஒப்புக்கொள்வதா? அவள் அன்று சொன்னது உண்மையா, இன்று சொல்வது உண்மையா?

பதில் 1: நெறியாளர்

சகோதரி, உங்கள் பதிவின் முதல் வரியில் இருந்த ஊர்ப் பெயரை நீக்கிவிட்டேன். குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும், பள்ளி, தெரு, உறவினர் பெயர் உட்பட, யாரும் இங்கே எழுத வேண்டாம்.

பதில் 2: குழந்தைகள் நல ஆற்றுப்படுத்துநர்

வெள்ளிக்கிழமை ஏற்பாட்டுக்கு எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தன்னைத் துன்புறுத்தியவர் அதே கூடத்தில் நிற்க, பாட்டியும் பெரியவர்களும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, சாமிக்கு முன்னால் நிறுத்தப்படும் ஒன்பது வயதுக் குழந்தை, எல்லோரும் எதிர்பார்க்கும் வாக்கியத்தைத்தான் சொல்லும். அதில் உண்மை வெளிப்படாது. பின்னாளில் அவள் மீண்டும் பேச முயன்றால், "சாமி மேல் சத்தியம் செய்தாயே" என்று அவள் வாயை அடைப்பதற்குத்தான் அந்தச் சூடம் பயன்படும்.

சொன்னதைக் குழந்தை திரும்பப் பெறுவது இத்துறையில் இருப்பவர்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்று. அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983இல் எழுதிய கட்டுரையில், வீட்டுக்குள் துன்புறுத்தப்படும் குழந்தைகள் முதலில் மறைப்பதையும், பணிந்துபோவதையும், தாமதமாகவும் நம்பும்படி இல்லாமலும் சொல்வதையும், சொன்னபின் வீடு இரண்டுபடுவதைக் கண்டு பின்வாங்குவதையும் விவரித்தார். 2007இல் வெளியான இன்னோர் ஆய்வு, குற்றம் நடந்தது உறுதி செய்யப்பட்ட 257 வழக்குகளின் ஆவணங்களைப் பார்த்தது. அவற்றில் ஏறத்தாழ 23 விழுக்காட்டுக் குழந்தைகள் தாங்கள் முன்பு சொன்னதை ஏதேனும் ஒரு கட்டத்தில் மறுத்திருந்தார்கள். துன்புறுத்தியவர் தந்தை நிலையில் இருந்தபோதும், குற்றத்தில் தொடர்பில்லாத பெற்றோர் குழந்தையின் பக்கம் நிற்காதபோதும் மறுப்பது கூடியது. இப்படிப் பார்த்தால், உங்கள் மகளின் இரண்டாம் பேச்சு, முதல் பேச்சுக்கு வீடு கொடுத்த வரவேற்பின் விளைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. எது உண்மை என்று அவளையே திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொள்ள முயலாதீர்கள். அந்தப் பொறுப்பு பயிற்சி பெற்றவர்களுடையது. "நீ என்னிடம் சொன்னது நல்லது, உன்மேல் எந்தத் தவறும் இல்லை, இனி நீ தனியாக இருக்கமாட்டாய்" என்பதை மட்டும் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. படிக்கவைத்த அண்ணன், பெற்ற மகள் என்று இருபுறமும் இழுபடுபவரிடம் "யாரை நம்புகிறீர்கள்" என்று கேட்டால், அவர் பெரும்பாலும் பழைய கடனின் பக்கம் சாய்ந்துவிடுவார். அந்த வீட்டுக்கு வெளியே, கோயிலிலோ பூங்காவிலோ உட்கார்ந்து, அண்ணன் குற்றவாளியா என்பதை இன்றே அவர் தீர்மானிக்க வேண்டியதில்லை என்றும், அண்ணன் இருக்கும் கூரையின்கீழ் இனி மகள் இருக்கமாட்டாள் என்பதை மட்டும் ஏற்றால் போதும் என்றும் கேளுங்கள். அதற்கும் அவர் மறுத்தால், அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பதில் 3: வாசகர்

இதுபோன்ற புகாரால் ஒரு குடும்பத் தலைவரின் வாழ்க்கையே அழிந்துவிடும். சொத்துப் பிரச்சினையும் இருப்பதாக நீங்களே சொல்கிறீர்கள். இரண்டு பக்கமும் கேட்காமல் முடிவுக்கு வருவது நியாயமா?

பதில் 4: வழக்கறிஞர், மதுரை

இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை; ஆனால் கேட்க வேண்டிய இடம் பூஜையறை அன்று. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19ஆம் பிரிவின்படி, இத்தகைய குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே, வெள்ளிக்கிழமை கூடவிருக்கும் பெரியவர்களுக்குச் சமரசம் பேசும் உரிமை இல்லை. விஷயம் தெரிந்தும் மூடி மறைத்தால் அவர்களே சிக்கலில் மாட்டுவார்கள். இதை அவர்களிடம் அமைதியாகச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் வரமாட்டார்கள்.

பொய்ப் புகார் பற்றிக் கேட்ட நண்பருக்கும் இதுவே விடை. இழிவுபடுத்தவோ பணம் பறிக்கவோ வேண்டுமென்றே பொய்யாகப் புகார் கொடுப்பவருக்கு 22ஆம் பிரிவில் தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் கொடுத்தவருக்கு 19ஆம் பிரிவே பாதுகாப்பு அளிக்கிறது. பாகப்பிரிவினை கேட்டிருந்தார் என்பதாலேயே ஒரு தாய் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றால், சொத்து இருக்கும் எந்த வீட்டிலும் எந்தக் குழந்தைக்கும் நியாயம் கிடைக்காது.

இனி நடைமுறை. குழந்தைகள் உதவி எண் 1098இல் அழைக்கலாம், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நேரில் செல்லலாம். வாய்மொழியாகச் சொன்னாலே போதும், எழுதிக்கொள்வது அவர்கள் கடமை. பதிவு செய்யத் தவறும் அலுவலரும் 21ஆம் பிரிவின்கீழ் வருவார். குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வசிக்கும் இடத்திலோ அவள் விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவலர், சீருடை இல்லாமல் வர வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவரே, நீங்கள் உடனிருக்கச் செய்ய வேண்டும். உடலில் காயம் இல்லை என்று அறிக்கை வந்தால் மனம் தளராதீர்கள். பெரும்பாலான வழக்குகளில் காயம் இருப்பதில்லை, அதனால் வழக்கு விழுந்துவிடுவதும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் இரத்த உறவினர் என்பதும் ஒரே வீட்டில் வசிப்பவர் என்பதும் சட்டத்தின் பார்வையில் குற்றத்தைக் கடுமையாக்கும் காரணங்கள்.

புகார் பதிவானதும் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தக் குழுவிடம் ஆதரவு நபர் ஒருவரை நியமிக்கும்படி கேளுங்கள். போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் அதற்கு இடம் தருகின்றன. வழக்கு முடியும்வரை உடன் வரக்கூடிய, உங்கள் வீட்டாரின் பேச்சுக்கு அசையாத ஒருவர் உங்களுக்கு அவசியம். நீதிமன்றத்தில் பெரியப்பாவின் முகத்தைக் குழந்தை பார்க்க நேராதபடி ஏற்பாடு செய்வதும், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்விகள் நீதிபதி வழியாகவே குழந்தையிடம் கேட்கப்படுவதும் சட்டத்தில் உள்ளவை. ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுத்துக்கொண்டு போவது உண்டு. அந்தக் காலம் முழுவதும் "புகாரைத் திரும்பப் பெறு" என்ற நெருக்கடி வீட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கும். பல வழக்குகள் பலவீனப்படுவது நீதிமன்றத்தில் அல்ல, உறவினர் வீட்டுக் கூடங்களில்.

பதில் 5: நாற்பது வயதைக் கடந்தவள்

உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள் நான். பத்து வயதில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தலையை வாரிப் பின்னிவிட்டு, "இனி இதை யாரிடமும் சொல்லாதே" என்றார். அதன்பின் அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. என் திருமணத்தில் அந்த மனிதர் மேடையேறி அட்சதை தூவினார். குடும்பப் புகைப்படத்தில் என் அப்பாவுக்கு அடுத்து நிற்கிறார், அந்த ஆல்பம் இன்னும் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது. நடந்ததைவிட, அம்மாவுக்குத் தெரிந்தும் அவருக்கு வாழையிலை போட்டுப் பரிமாறியதுதான் என்னை நெடுங்காலம் அரித்தது. அம்மாவுக்கு வருமானம் இல்லை, போக வேறு வீடு இல்லை என்பது இன்று எனக்குப் புரிகிறது. புரிவதால் அந்த வலி குறைந்துவிடவில்லை. உங்களுக்கு வேலை இருக்கிறது. மாமியாரை நம்பவைப்பதில் உங்கள் பலத்தைச் செலவழிக்காதீர்கள். அவர் நம்பாமலேயே போகலாம். உங்கள் மகள் பார்த்துக்கொண்டிருப்பது உங்களைத்தான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மகளுடன் என் தாய்வீட்டுக்கு வந்துவிட்டேன். 1098இல் பேசினேன், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஓர் அம்மையார் நாளை வருகிறார், அவருடனேயே மகளிர் காவல் நிலையத்துக்குச் செல்லவிருக்கிறேன். கணவர் பேருந்து நிலையம் வரை வந்து பையைத் தூக்கிக்கொடுத்தார், வேறொன்றும் பேசவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது: பள்ளியில் என்ன சொல்வது? இதுவரை மாலையில் அவளை அழைத்துவரப் பெரும்பாலும் பெரியப்பாதான் போவார்.

பதில் 6: வழக்கறிஞர், மதுரை

முதலில் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு தலைமையாசிரியரிடம் நேரில் சென்று, உங்களையும் உங்கள் பெற்றோரையும் தவிர வேறு யாரிடமும் குழந்தையை அனுப்பக் கூடாது என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால், காவல்துறையில் புகார் நிலுவையில் உள்ளது என்று சொன்னால் போதும். வகுப்பாசிரியருக்கோ வேன் ஓட்டுநருக்கோ அதற்குமேல் தெரிய வேண்டியதில்லை.