அறுகம்குடா சுற்றுலாத் தலமானது எப்படி?

கேள்வி:
சென்ற ஆடி மாதத்தில் பொத்துவில் வழியாக இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாவுக்குப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், வயலும் களப்பும் சூழ்ந்த ஒரு மீனவ ஊரின் தெருவில் கடைக்குக் கடை அலைச்சறுக்குப் பலகைகள் சாத்தி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு வியந்தேன். ரயில் பாதைகூட எட்டாத இவ்விடத்தைத் தேடி வெளிநாட்டவர் வரத் தொடங்கியது எவ்வாறு? அரசு திட்டமிட்டு வளர்த்ததா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி:
தொடக்கத்தில் திட்டம் எதுவும் இல்லை ஐயா, அலைதான் அழைத்தது. இந்துப் பெருங்கடலின் தெற்கிலிருந்து வரும் அலைகள் குடாவின் முனையைச் சுற்றி வளைந்து, கரையை ஒட்டியே நெடுந்தூரம் ஒழுங்காக உடைகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று தீவைக் கடந்து நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், சித்திரை முதல் ஐப்பசி வரை அலையின் முகம் கலையாமல் நிற்கும். அதே மாதங்களில் தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவைப் பக்கத்துக் கடல் கொந்தளித்துக் கிடக்கும். 1970களில் இதைக் கண்டறிந்த அலைச்சறுக்கு வீரர்கள் வாய்வழியாகவே செய்தியைப் பரப்பினர். வந்தவர்களுக்கு ஊர்க் குடும்பங்கள் ஓலைக் குடிலும் சோறும் கறியும் கொடுத்தன. மாறாக, இதே கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில் உள்நாட்டுப் போருக்குப் பின் பெரிய விடுதிகள் அரசு வகுத்த வலயத்துக்குள் எழுந்தன. இரண்டையும் பார்த்தவர்களுக்கு வேறுபாடு உடனே புரியும்.

இரண்டாம் மறுமொழி:
அலையை மட்டும் சொன்னால் எங்கள் ஊரின் கதை பாதிதான். நான் பொத்துவில்லைச் சேர்ந்தவன். 1983க்குப் பிறகு போர் பயணிகளைக் குறைத்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் மீண்டும் சிலரைக் கொண்டுவந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை குடாக்கரை ஊரான உல்லையின் தெருவையும் களப்பின் குறுக்கே இருந்த பாலத்தையும் சிதைத்தது. அதன்பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அறிவிக்கப்பட்டபோது, மீனவருக்குத் தடை விதித்துவிட்டு விடுதிகளுக்கு மட்டும் இடம் கொடுப்பார்களோ என்று ஊரே அஞ்சியது. அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. அந்த அச்சத்தை நான் மறக்கவில்லை. அமெரிக்க உதவியில் புதிய பாலம் அமைந்து, 2009இல் போரும் முடிந்த பிறகே கூட்டம் பெருகியது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மீனவர்களுக்கு இன்று கரையில் இடம் இருக்கிறதா?

மூன்றாம் மறுமொழி:
இருக்கிறது, ஆனால் நெருக்கடியோடு. விடியற்காலையில் சென்று பாருங்கள்: கடலிலிருந்து திரும்பிய படகை ஏழெட்டுப் பேர் தோள்கொடுத்து மணலில் ஏற்றுவார்கள், அதன் பக்கத்திலேயே பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு வெளிநாட்டு இளைஞர் முனையை நோக்கி நடப்பார். கரைவலை இழுப்பதற்கும் படகை ஏற்றுவதற்கும் வலையை உலர்த்துவதற்கும் நீண்ட திறந்த மணல் தேவை. விடுதியின் வேலி ஒவ்வோர் அடி முன்னேறும்போதும் அந்த மணல் குறைகிறது. வாடைக்காற்றோடு மழை தொடங்கியதும் விடுதிகள் பல பூட்டப்படும். பருவ காலத்தில் சமையற்கட்டிலும் முச்சக்கர வண்டியிலும் உழைத்த இளைஞர் சிலர் அப்போது வயலுக்குத் திரும்புகின்றனர். ஆகவே கரையில் விடுதி கட்ட அனுமதி தருவோர், படகு ஏறும் இடங்களை முதலில் அளந்து ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மட்டுமே விடுதிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.