வீட்டுக்குள் லேன் ஒயர் இழுத்த அனுபவம் யாருக்காவது இருக்கா?

மாந்தோப்புக்காரன், காவேரிப்பட்டணம்:
வீடு கட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒயரிங் செய்தவர் எனக்கு மாமா முறை. அதனால்தான் இன்னும் வெளியே சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன். 300 எம்பிபிஎஸ் வேக பிளான் போட்டும் மாடி அறையில் லேன் செருகினால் 94-ஐத் தாண்டாது. நெட் கனெக்‌ஷன் பையன் வந்து, கீழே ரவுட்டர் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து 300 காட்டிவிட்டு, "எங்க சைடு ஓகே சார்" என்று போய்விட்டான். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர் பிளேட்டைக் கழற்றினேன். மாமாவும் அன்று வந்திருந்தார். ஒரு கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டினால் மேலே செம்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். "கடைக்காரன் காப்பர்னுதான் மாப்ள சொன்னான்" என்றார். காபியை டம்ளருக்கும் டபராவுக்குமாக ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஆறிப்போய் வெகு நேரமாகியும் ஆற்றுவதை நிறுத்தவில்லை. 305 மீட்டர் ஒயர் பெட்டிக்குப் பணம் கொடுத்திருந்தேன். வீட்டுக்குள் ஓடியது நூறுகூடத் தேறாது. மீதியை நான் கேட்கவில்லை.

கிரிம்பிங் கை, பழையபேட்டை:
மாமாவை விடுங்க. 94 வந்ததற்கு அலுமினியம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. 94 என்றாலே லிங்க் 100-இல் நிற்கிறது என்று அர்த்தம். 100-க்கு நாலு கம்பி போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத மீதி நாலில் ஒன்று முனையில் ஒடிந்திருந்தாலும் 100-க்கு இறங்கிவிடும். அலுமினியம் ஒடியும், அது உண்மைதான். ஆனால் முதலில் ரவுட்டர் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்க. வைஃபை 1200 என்று பெரிசாகப் போட்டு, பின்னால் லேன் போர்ட் எல்லாம் வெறும் 100-ஆக விற்கிறார்கள். 'கிகாபிட் போர்ட்', அதாவது 1000, என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்கணும்.

என் கதை சின்னது. பர்கூர் பக்கம் ஒரு வீடு. ஒயரைச் சோதிக்கும் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிகிறது. வீட்டுக்கார அம்மாவும் பக்கத்தில் நின்று எண்ணுகிறார். ஆனால் நெட் இழுத்து இழுத்து வருகிறது. லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பியும் இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடி. எனக்கு முன்னால் வந்தவர் அதை ஜோடி ஜோடியாக அடுக்கி இரண்டு முனையும் அடித்திருக்கிறார். பச்சை ஜோடி நீலத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து உட்காரணும்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. டெஸ்டருக்கு ஒயர் தொடர்ந்து வந்தால் போதும், எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த அம்மா, "லைட்டுதான் எட்டும் எரியுதே, அப்புறம் எதுக்குக் காசு?" என்று என்னையே கேட்டார்.

அப்புறம், கரண்ட் ஒயர் போகும் பைப்பில் லேனைப் போடாதீங்க. தனி பைப் விடுங்க. ஒயர் எடுக்கும்போது சுத்த செம்பா என்று கேட்டு, கடையிலேயே நுனியைச் சுரண்டிப் பாருங்க. வெயிலில் ஓடுவதற்குக் கறுப்பு உறை போட்டது வேணும், உள்ளே போடுகிற வெள்ளை ஒயர் வெடித்துப்போகும். மாந்தோப்புக்காரரே, உங்க பைப்பில் பழைய ஒயரின் நுனியில் புது ஒயரைக் கட்டி இழுத்தாலே வந்துவிடும்.

கரட்டுமேட்டு வீடு, பென்னாகரம்:
உங்களுக்கு 94-ஆவது வந்தது. எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரு புளியமரம். மொட்டை மாடி வழியாக லேன் இழுத்து ஒரே கனெக்‌ஷனை இருவரும் வைத்திருந்தோம். சித்திரை மாத மழை. இடி கேட்டதுமே ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், ரொம்பக் கெட்டிக்காரன் என்ற நினைப்பு. லேன் முனை செருகியபடியே கிடந்தது. மரத்தில்கூட விழவில்லை, எங்கேயோ தள்ளி விழுந்த இடி அது. 'டிக்' என்று ஒரு சத்தம், பாத்திரத்தில் கடுகு வெடித்த மாதிரி. அவ்வளவுதான். இங்கே ரவுட்டர், அங்கே அண்ணன் பையனின் கம்ப்யூட்டர் போர்ட், இரண்டும் போச்சு. கழற்றிப் பார்த்தால் சின்னச் சில்லு ஒன்றில் குண்டூசித் தலை அளவுக்குக் கறுப்பு. அண்ணி இன்றைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் விலையைச் சொல்லிக் காட்டுகிறார்.

கிரிம்பிங் கை, பழையபேட்டை:
வீட்டுக்கு வீடு செம்பே இழுக்கக் கூடாதுங்க. ஃபைபர் போட்டு இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேனாக மாற்றும் சின்னப் பெட்டி) வைக்கணும். கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது. ஆனால் அதோடு ஒட்டி வரும் இரும்புக் கம்பியை வீட்டுக்குள் விடாமல் வெளியிலேயே வெட்டி...

கரட்டுமேட்டு வீடு, பென்னாகரம்:
அண்ணா, நான் யோசனை கேட்கவில்லை. இப்போது அண்ணன் வேறு கனெக்‌ஷன் வாங்கிவிட்டார். பேச்சுவார்த்தையும் கொஞ்சம் குறைந்துவிட்டது.

கல்வீட்டுப் பேத்தி, தருமபுரி:
எங்களுடையது தாத்தா காலத்துக் கருங்கல் சுவர், ஒன்றரை அடிக்கு மேல் அகலம். ரவுட்டர் முன் திண்ணை அறையில். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அடுத்த அறைக்குக்கூட வராது, 2.4 மட்டும் நொண்டி நொண்டி வரும். வைஃபையை வாங்கி மறுபடி அனுப்பும் எக்ஸ்டெண்டர் வாங்கினேன், வேகம் பாதியானதுதான் மிச்சம். சுவரில் துளை போடப் பாட்டி விடவில்லை. கடைசியில் வாசல் நிலையின் ஓரமாகவே ஒயரை ஓட்டி, நடு அறையில் இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கினேன், ஒயரில் வரும் நெட்டை அங்கே வைஃபையாகக் கொடுக்கும். ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங்கில் எல்லாமே நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் பாட்டி அதன்மேல் ஈரத்துண்டை உலர்த்தியிருக்கிறார். "சூடா இருந்துச்சு கண்ணு, சீக்கிரம் காயும்னு போட்டேன்." துண்டு நன்றாகத்தான் காய்ந்திருந்தது.

புதுசு, ஊத்தங்கரை:
அண்ணா, 2000 ரூபாய்க்குள் நல்ல ரவுட்டர் எது?

மாந்தோப்புக்காரன், காவேரிப்பட்டணம்:
கிரிம்பிங் கை அண்ணா, நீங்க சொன்ன மாதிரி பழைய ஒயரில் கட்டி இழுத்தேன். மாடிப்படி வளைவில் அறுந்து பாதி உள்ளேயே நிற்கிறது. பைப்புக்குள் ஒயர் இழுக்கிற ஸ்பிரிங் விட்டுத்தான் எடுக்கணும் என்கிறார்கள். ஸ்பிரிங் மாமாவிடம் இருக்கிறது.