யேசு (Yaesu) எஃப்டி-101இ ரேடியோ செட்: வால்வு தேடுகிறேன்

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். மாமா பாவித்த யேசு எஃப்டி-101இ ஹாம் (அமெச்சூர் வானொலி) செட் இப்போது என்னிடம். 1970களில் வந்த செட். வாங்கும் பகுதி ட்ரான்சிஸ்டர் என்பதால் தப்பிவிட்டது. இரவில் 40 மீற்றர் அலைவரிசையில் தமிழ்நாட்டு ஹாம்கள் பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்கிறார்கள். அனுப்பும் பகுதிதான் படுத்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் உள்ள இரண்டு 6ஜேஎஸ்6சி வால்வுகளில் (கண்ணாடி வெற்றிடக் குழாய்களில்) ஒன்றின் உள்பக்க வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்திருக்கிறது, அதாவது காற்றுப் புகுந்துவிட்டது. கடற்காற்று வேறு, சொக்கட் கால்களில் பச்சை பூத்திருக்கிறது.

6146பி என்ற வேறு வகை வால்வுக்கு மாற்றலாம் என்கிறார்கள். எனக்கு மனமில்லை, செட் வந்தபடியே இருக்க வேண்டும்.

பொருந்திய சோடி 6ஜேஎஸ்6சி யாரிடமாவது இருக்கிறதா? சோதித்துப் பார்த்ததென்றால் நியாயமான விலை தருவேன். அப்புறம், மாற்றியபின் நியூட்ரலைசேஷன் (அனுப்பும் வால்வுகள் தாமாக அலைவுறாதபடி சமன்செய்வது) சரிசெய்யத் தெரிந்த அண்ணாமார் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். செட்டைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன்.